தங்குவது வேறு, முடங்குவது வேறு

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் அத்தியாயம், திருமறையின் 18ஆம் அத்தியாயமாகிய அல்கஹ்ஃபு. தம் சமூகத்தாரின் கொடுமையிலிருந்து ஈமானைக் காத்துக்கொள்ளக் குகையொன்றில் அடைக்கலம் புகுந்த இளைஞர்களின் வரலாறு அதில் வருகிறது. முந்நூறு ஆண்டுகளும் அதற்கு மேல் ஒன்பது ஆண்டுகளும் அவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களைத் துயிலச் செய்தவனும் காத்தவனும் இறைவனே. அவன் நாடியிருந்தால், அவர்களைக் கற்சிலைபோல் அசைவற்றுக் கிடக்கச் செய்தும் காத்திருக்க முடியும். ஆயினும், அவர்களை வலப்பக்கமும் இடப்பக்கமும் புரட்டிக் கொண்டிருந்ததாக அவன் நமக்கு அறிவிக்கின்றான். கதிரவன் உதிக்கும்போது குகையின் வலப்புறமாகச் சாய்ந்தும், மறையும்போது இடப்புறமாக விலகியும் சென்றதையும், அவர்கள் அக்குகையின் விசாலமான பகுதியில் இருந்ததையும் கூடவே கூறுகின்றான்.

ஓதிச் செல்கையில் நாம் எளிதாகக் கடந்துவிடும் செய்தி இது. அவர்களுடைய உடல்களை மண் அரித்துவிடாதிருக்கவே அந்தப் புரட்டல் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். மதரஸாவில் இதைப் பாடமாகக் கற்றேன். பின்னர் மாணவர்களுக்குக் கற்பித்தேன். எனினும் அதன் பொருள் என் உள்ளத்தில் உறைத்தது 2020ஆம் ஆண்டில், மலையூர் ஒன்றின் வீட்டில் நானே அடைபட்டுக் கிடந்தபோதுதான்.

மலையில் அடைபட்ட நாட்கள்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானல் வட்டத்தில் இருப்பது வடகவுஞ்சி. காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். என் மாமனார் அங்கே சிறியதொரு தோட்டம் வைத்து, அதிலேயே வாழ்ந்து, 2020 பிப்ரவரி நடுவில் மவுத்தானார். அவருடைய நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்காக மார்ச் 21 அன்று குடும்பத்துடன் மலையேறினேன். மறுநாள் நாடெங்கும் மக்கள் ஊரடங்கு. 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் தடையுத்தரவு தொடங்கியது. அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. அது நீண்டு நீண்டு மே 31 வரை, 68 நாட்கள் ஆயிற்று. ஃபாத்திஹாவை வீட்டார் மட்டும் ஓதி முடித்தோம். மலையிறங்க வழியில்லை.

முதல் வாரம் எனக்கு அது ஓய்வாகவே தோன்றியது. கையோடு கொண்டு சென்ற கிதாபுகளைப் படித்தேன். திருமறையை ஒருமுறை முழுமையாக ஓதி முடித்துவிடலாம் என்று திட்டமிட்டேன். இரண்டாம் வாரத்தில் சுப்ஹு தொழுதுவிட்டு மீண்டும் படுக்கத் தொடங்கினேன். மூன்றாம் வாரத்தில் கிதாபைத் திறந்தால் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் மனத்தில் பதியவில்லை. பிள்ளைகளின் சிரிப்பொலிகூட எரிச்சலை ஊட்டியது. இரவில் உறக்கமில்லை; பகலில் விழிப்பில்லை. கைப்பேசியில் வரும் மரணச் செய்திகளை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தேன்.

பிறருக்குப் பொறுமையைப் போதித்து வந்தவன் நான். “ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வரலாமா?” என்று என்னை நானே கடிந்துகொண்டேன். கடிந்துகொண்டதால் சோர்வு கூடியதேயன்றிக் குறையவில்லை.

என்ன இழந்தேன் என்று பிறகுதான் கணக்கிட்டேன். சமவெளியில் என் இல்லத்திலிருந்து பள்ளிவாசல் ஏறத்தாழ 300 மீட்டர். போக வர 600 மீட்டர். ஐந்து வேளைக்கும் சேர்த்தால் நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர். உடற்பயிற்சி என்று எண்ணாமலேயே பல்லாண்டுகளாக அந்த நடை என்னைத் தாங்கி வந்திருக்கிறது. பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலமா குலத்தாரை, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் எழுதப்படுகின்றன என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை எத்தனையோ ஜும்ஆக்களில் கூறியிருக்கிறேன். அந்தக் காலடிகள் நின்றபோது நன்மை மட்டும் நிற்கவில்லை, நடையும் நின்றது. வழியில் ஸலாம் உரைக்கும் முகங்களும், விடியற்காலைக் காற்றும், வெயிலும் சேர்ந்தே நின்றன.

தங்கச் சொன்ன மார்க்கம்

ஊரடங்கு தவறு என்று ஈண்டு நான் கூற வரவில்லை. பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, “இது தவக்குலுக்கு முரணாயிற்றே!” என்று மனம் நொந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு நம் வரலாறே விடை தருகிறது. கொள்ளைநோய் ஓர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் தோன்றினால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நாட்டுக்குப் பயணமானபோது, ஸர்ஃகு என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி எட்டியது. மூத்தோரிடம் ஆலோசனை கேட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, விதி ஒன்றிலிருந்து அதே இறைவனின் விதி மற்றொன்றுக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 639இல், பாலஸ்தீனத்தின் அம்வாஸில் தொடங்கிய அந்நோய் அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகிய பெருமக்களையும் கொண்டு சென்றது. பின்னர் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை ஓரிடத்தில் நெருங்கியிராமல் மலைகளுக்குப் பிரிந்து செல்லப் பணித்தார்கள். நோய் தணிந்தது. செய்தியறிந்த உமர் (ரலி) அவர்கள் அதனைக் குறை கூறவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அம்மக்கள் அனுப்பப்பட்டது மலைகளுக்கு, இருட்டறைகளுக்கு அன்று. விலகியிருந்தார்கள், ஆனால் காற்றும் வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடத்தில் விலகியிருந்தார்கள். நம் கொடைக்கானல் மலை வாசத்தலமானதற்கும் இத்தகைய காரணமே உண்டு. மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்கள் வெப்பத்தாலும் நோயாலும் தம்மவர் பலரை இழந்த பிறகே, 1845இல் மலையேறி அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினர். மலை நோயாளியைப் படுக்க வைக்கும் இடமன்று. அவனை மீண்டும் நடக்க வைக்கும் இடம். அந்த மலையிலேயே இருந்துகொண்டு நான் கதவைச் சாத்திப் படுத்துக் கிடந்தேன்!

கவலைக்குத் துணை சோம்பல்

ஏப்ரல் நடுவில் ஒருநாள் அதிகாலை. என் மைத்துனர் அறை வாசலில் வந்து நின்றார். “மச்சான், மிளகு காய வைக்க ஆள் போதவில்லை. கொஞ்சம் கை கொடுக்கிறீர்களா?” என்றார். வேளாண்மைப் பணிகளுக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தது. ஆயினும் வெளியூர்க் கூலியாட்கள் வர இயலவில்லை. மறுக்க நாணி எழுந்தேன்.

சாக்குகளைத் தூக்கிக் களத்துக்குக் கொண்டு சென்றோம். மிளகைப் பரப்பினோம், வெயில் ஏற ஏறக் காலால் கிளறினோம். பிற்பகலில் மேகம் கூடியதும் அள்ளிக் கட்டினோம். நடுவே தோட்டத்துச் சரிவில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடையை வருணிக்கும் அறிவிப்புகள், மேட்டிலிருந்து சரிவில் இறங்குபவர் போன்று அவர்கள் விரைந்து நடந்தார்கள் என்று கூறும். அந்த வருணனையைச் சமவெளியில் இருந்து படித்தவனுக்கு, சரிவில் இறங்கிப் பார்த்தபோதுதான் உடல் முன்னோக்கிச் செல்லும் அந்த உறுதி விளங்கிற்று.

அன்றிரவு இஷா தொழுதுவிட்டுப் படுத்தேன். சுப்ஹு வரை உறங்கினேன். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் கிடைத்த முழு உறக்கம் அது. மறுநாள் அழைப்பதற்கு முன்பே களத்தில் நின்றேன்.

அதன் பிறகே ஒரு துஆவின் அமைப்பைப் புதிதாய்ப் பார்த்தேன். நம்மில் பலரும் மனனமிட்டு ஓதி வருவது அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதில் முதலில் ‘ஹம்மு’, ‘ஹஸன்’ ஆகிய இரண்டிலிருந்து பாதுகாவல் தேடுகிறார்கள். வரப்போவதை எண்ணிய கவலையும், போனதை எண்ணிய துயரமும் அவை. அடுத்து உடனே ‘அஜ்ஸ்’, ‘கஸல்’ ஆகியவற்றிலிருந்து தேடுகிறார்கள். இயலாமையும் சோம்பலும் அவை. முதல் இரண்டும் உள்ளத்தின் நோய்கள். பின்னிரண்டும் உடலில் வெளிப்படும் நோய்கள். ஒன்றையடுத்து ஒன்றாக அவை நிற்பது வெறும் அடுக்கன்று என்றே எனக்குப் படுகிறது. கவலை மனிதனைக் கட்டிலில் கிடத்துகிறது. கட்டில் அவனுடைய கவலையை வளர்க்கிறது. எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த முனையை நம் கையால் அவிழ்க்க முடியுமோ அந்த முனையை அவிழ்ப்பதே அறிவுடைமை. ‘கவலைப்படாதே’ என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. ‘எழுந்திரு’ என்று காலுக்குக் கட்டளையிட்டால், அது முணுமுணுத்தாலும் கேட்கிறது.

முடிச்சு அவிழ்ப்பதைப் பற்றிய நபிமொழியும் உண்டன்றோ! உறங்குபவனின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுகின்றான். எழுந்து இறைவனை நினைவுகூர்ந்தால் ஒன்று அவிழ்கிறது, ஒளுச் செய்தால் மற்றொன்று, தொழுதால் மூன்றாவது. அவ்வாறு செய்தவன் சுறுசுறுப்பும் நல்ல மனமும் உடையவனாகக் காலைப் பொழுதை அடைகின்றான். செய்யாதவன் கெட்ட மனமும் சோம்பலும் உடையவனாக அடைகின்றான் என்பது அதன் கருத்து. இங்கேயும் சுறுசுறுப்பும் நல்ல மனமும் ஒரு பக்கம். சோம்பலும் கெட்ட மனமும் மறுபக்கம். அந்த முடிச்சுகள் அவிழும் முறையைப் பாருங்கள்: நாவு அசைகிறது, கைகால்கள் அசைகின்றன, பிறகு முழு உடலும் அசைகிறது.

மருத்துவம் கூறுவது

இன்றைய மருத்துவமும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. தசைகள் இயங்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் மிகுகிறது. வலியையும் பதற்றத்தையும் தணிக்கும் எண்டார்பின் போன்ற பொருள்கள் உடலில் சுரக்கின்றன. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடலின் உட்கடிகாரம் சீர்ப்படுகிறது. அதனால் இரவில் உறக்கம் வருகிறது. உறக்கம் வந்தால் மறுநாள் மனம் தெளிகிறது.

கொரோனாத் தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அந்நிறுவனமே 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 3 நாட்களேனும் உடல் வலுவுக்கும் தடுமாறாத நிலைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட ஓடியாடல் தேவை என்றும் குறிப்பிட்டது. 150 நிமிடத்தை ஏழு நாட்களுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 22 நிமிடம்கூட ஆகாது. கஹ்ஃபு அத்தியாயத்தை நிறுத்தி ஓதும் நேரத்தைவிட அது குறைவே.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. “ஐவேளை தொழுபவனுக்கு வேறு பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்பதுண்டு. ஃபர்ளுத் தொழுகைகள் 17 ரக்அத்கள். அவற்றில் 34 ஸஜ்தாக்கள். நிமிர்தல், குனிதல், நெற்றி பதித்தல், எழுதல் எல்லாம் மூட்டுகளுக்கு நன்மையே. ஆயினும் தொழுகை வணக்கம். அது உடற்பயிற்சிக்காக விதிக்கப்பட்டதன்று. அதை உடற்பயிற்சியாகச் சுருக்குவது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். தொழுத கையோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவன் உடலின் உரிமையை நிறைவேற்றியவன் ஆகமாட்டான். உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டியதும் தொழுகையில் குறைவைத்தவருக்கு அன்று. பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று தொழுத அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கே.

சாத்தியிருந்த மற்றோர் அறை

என் சோர்வு தணிந்த பின்னரே, அந்த வீட்டில் என்னைவிட நெடுங்காலம் அடைபட்டிருந்த ஒருவரை நான் காணத் தொடங்கினேன். அவர் என் மாமியார். கணவரை இழந்து இத்தா இருந்தார். வயது அறுபத்தேழு. அதற்கு முன்புவரை தோட்டத்தில் பொழுதெல்லாம் நின்றவர். பழம் பொறுக்குவதிலும் மிளகைத் தரம் பிரிப்பதிலும் அவர் கைக்கு இணையில்லை என்பார்கள். இப்போது பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார். சன்னல் சாத்தப்பட்டு, அதன்மேல் போர்வையும் தொங்கியது. உணவு உள்ளே செல்லும்; தட்டு பாதி உணவோடு திரும்பி வரும். கால்கள் வீங்கியிருந்தன. இரவெல்லாம் விழித்திருப்பார் என்று என் மனைவி சொல்வாள். வீட்டில் எவரும் கொடுமை செய்யவில்லை. அன்போடும் அக்கறையோடும், “இத்தா என்றால் இப்படித்தான்” என்று நம்பிச் செய்தார்கள்.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. ரமலான் பிறை பார்க்கும் மாலை. வீட்டார் அனைவரும் முற்றத்தில் நின்று மேற்கே நோக்கினோம். மலைமேகம் மறைத்துக் கொண்டிருந்தது. உள்ளிருந்து என் மாமியாரின் குரல் கேட்டது: “பிறை தெரிகிறதா?” இல்லை என்றோம். சற்றுப் பொறுத்து, “மாப்பிள்ளை, நான் வந்து வானத்தைப் பார்க்கலாமா?” என்றார்.

“மாமி, வானத்தைப் பார்க்கக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை. வாருங்கள்” என்றேன்.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல முற்றத்துக்கு வந்தார். அறுபத்தொன்பது நாட்களுக்குப் பின் அன்றுதான் திறந்த வெளியில் நின்றார். மேலே நோக்கியவாறே கேட்டார்: “அப்படியானால் இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை, மாப்பிள்ளை?”

என்னிடம் விடை இல்லை. சட்டம் எனக்குத் தெரியும். நிக்காஹ், தலாக், இத்தா குறித்து எத்தனையோ பேருக்கு விளக்கியவன். என் சொந்த வீட்டின் பின்கட்டில் போர்வை தொங்கிய சன்னலைப் பார்த்தும், ‘வழக்கம்தானே’ என்று இருந்துவிட்டேன். சில வார அடைப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கோ நான்கு மாதங்களும் பத்து நாட்களும். தனக்கு வரும்வரை பிறர் துன்பம் புலப்படாதிருப்பது கற்றவனுக்கு அழகன்று. பிறை அன்று எங்கள் கண்ணுக்குப் படவில்லை. மறுநாள் நோன்பு என்ற அறிவிப்பு கைப்பேசி வழியே வந்தது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டிய ஒன்று அந்த முற்றத்தில் தெரிந்துவிட்டது.

இத்தாவின் சட்டம் என்ன? கணவனை இழந்தவள், கருவுற்றிருந்தாலன்றி, நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மறுமணம் இல்லை. அலங்காரம், நறுமணம், சுர்மா தவிர்க்கப்படும். கணவனோடு வாழ்ந்த இல்லத்திலேயே தங்குவாள். அவ்வளவே. வீட்டுக்குள் நடமாடலாம்; முற்றத்துக்கும் கொல்லைக்கும் வரலாம்; சமைக்கலாம்; செடிக்கு நீர் ஊற்றலாம். அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்றுவரவும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்களும் கணவனை இழந்தவளுக்கு இடமளிக்கின்றன. ஒரே அறை, இருள், மூடிய சன்னல், வானம் பார்க்கத் தடை என்பனவெல்லாம் நாம் கூட்டிக்கொண்டவை. மார்க்கம் விதித்தவை அல்ல.

ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னை தலாக் பெற்று இத்தா இருந்தபோது, தம் பேரீச்ச மரங்களின் கனிகளைப் பறிக்கச் செல்ல விரும்பினார். ஒருவர் தடுத்தார். அந்த அம்மையார் நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். சென்று பறிக்குமாறும், அதிலிருந்து அவர் தர்மமோ நன்மையோ செய்யக் கூடும் என்றும் அருமை நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்ததாக முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய பெண்ணை அன்றும் ஒருவர் தடுத்தார். தடுத்தவர் சொல்லை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை.

துயருற்ற பெண்களைப் பற்றித் திருமறையும் நபிமொழியும் கூறும் நிகழ்ச்சிகளையும் சற்றே சிந்தியுங்கள். பாலை வெளியில் தாகத்தால் துடிக்கும் குழவியோடு நின்ற அன்னை ஹாஜரா, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை விரைந்தார்கள். அந்தத் தாயின் ஓட்டம் உலக முடிவுவரை ஹாஜிகளின் கடமையாயிற்று. இன்றும் ஹாஜி ஒருவர் ஸஃயுக்காக ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடக்கின்றார். பேறுகால வலியால் சோர்ந்து, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கலங்கிய அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கோ, பேரீச்ச மரத்தின் அடியைப் பிடித்து உலுக்குமாறு கட்டளை வந்தது. பலமிக்க ஆடவன் உலுக்கினாலும் அசையாத மரம் அது. கனியை உதிர்ப்பவன் இறைவன். இருந்தும் அவ்வன்னையின் கையை அசையச் சொன்னான்.

மறுநாள் காலை, சன்னல் போர்வையை என் மனைவி அகற்றினாள். மாமியார் முற்றத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து மிளகைத் தரம் பிரிக்கத் தொடங்கினார். பத்து நாளில் முக்காலியை விட்டெழுந்து, கொல்லை வேலிவரை நடந்து திரும்பினார். மாலையில் நோன்புக் கஞ்சியைத் தாமே கிளறினார். இரவில் வீட்டிலேயே நாங்கள் ஜமாஅத்தாக தராவீஹ் தொழுதபோது, பெண்கள் வரிசையில் முதல் எட்டு ரக்அத்களை நின்றும் எஞ்சியதை அமர்ந்தும் தொழுதார். கணவரை நினைத்து அழாமல் இல்லை. அந்தக் கண்ணீர் ரஹ்மத். ஆனால் தட்டு காலியாகத் திரும்பியது. உறங்கினார். மே 25ஆம் நாள் பெருநாளன்று தம் கையால் பிள்ளைகளுக்கு உணவு பரிமாறினார். இத்தா முடிந்த பிறகு, ஜூலையில், அனுமதிச் சீட்டு பெற்று நாங்கள் மலையிறங்கும்போது தோட்டத்துச் சரிவில் நின்று எங்களை வழியனுப்பினார்.

இன்றும் நீடிக்கும் அடைப்பு

ஆண்டுகள் கடந்துவிட்டன. 2020 செப்டம்பரில் பள்ளிவாசல்கள் எங்கும் திறக்கப்பட்டன; 2021இன் இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, மீண்டும் திறந்தன. ஊரடங்கு வரலாறாகிவிட்டது. முடங்கல் மட்டும் நம் இல்லங்களை விட்டு அகலவில்லை. பணி ஓய்வு பெற்றுச் சாய்வு நாற்காலியை விட்டு எழாத தந்தை, பேறுகாலத்துக்குப் பின் நாற்பது நாளும் ஒரே கட்டிலில் இருத்தப்படும் மகள், கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் கைப்பேசியில் கிடக்கும் மகன், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் அழைப்புக்காகவே காத்திருக்கும் தாய் — இவர்கள் அனைவரும் எவரும் பிறப்பிக்காத ஊரடங்கில் இருப்பவர்களே. இத்தா அறையோ நாம் அறிந்ததே.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. சுப்ஹுக்குப் பின் மீண்டும் படுக்கைக்குத் திரும்பாமல் இருபது நிமிடம் நடக்கலாம்; நாவில் திக்ரு இருக்கட்டும். இயன்றவர்கள் பள்ளிவாசலுக்கு வாகனத்தை விடுத்துக் காலால் செல்லட்டும். முதியோர் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரைப் பிடித்து நிற்பதும்கூட நன்மையே. மொட்டை மாடியோ கொல்லையோ உள்ள இல்லத்தில் பெண்கள் காற்றாட நடக்கும் நேரத்தை ஆண்கள் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சமையலறையை ஆண்கள் கவனிக்கலாம். அது இழுக்கன்று, இல்லத்தில் இருக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சான்று பகர்ந்துள்ளார்கள்.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சோர்வும் நடையால் தீர்ந்துவிடாது. வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமானால் அது ஈமானின் குறையன்று. மருத்துவம் தேவைப்படும் நோய். நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பதும் நபிவழியே. ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிச் சேவையை மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். நாணத்தால் ஓர் உயிரை இழப்பதைவிட நாணத்தை இழப்பது மேல்.

இன்று ஜும்ஆவுக்கு முன்போ பின்போ அல்கஹ்ஃபை ஓதும்போது, அந்த இளைஞர்கள் புரட்டப்பட்ட இடத்தில் ஒரு கணம் நிறுத்துங்கள். ஓதி முடித்ததும் எழுந்து உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். சாத்திக் கிடக்கும் அறை எது, அங்கே அசையாமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். ஸலாம் உரைத்து, கை கொடுத்து, முற்றம்வரை அழைத்து வாருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் கவலையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் காத்து, உடலுக்கு உறுதியையும் உள்ளத்துக்கு அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.